மூக்குக்கு இடப்பக்கம்

பாதிப் படகு மிதக்காது.
மச்சான் தன் பாதியைக் கேட்ட அன்று
முழுசும் விலைக்கு வந்தது.
பதினாறு அடி ஃபைபர், எட்டு எச்.பி. மோட்டார்,
நெரிஞ்சிப்பேட்டைத் துறைக்கும் பூலாம்பட்டிக்கும்
ஏழு வருசம் ஓடியது.

முதலில் பவானிக்குப் போனேன்.
மேட்டூர் ரோட்டில் அர்த்தநாரியின் கொட்டாய்:
பழைய டிராக்டர், பழைய ஜெனரேட்டர்,
போர்வெல் லாரியில் கழற்றிய கம்ப்ரசர்,
நடுவே கவிழ்த்த இரண்டு படகு.
ஒன்றின் அடியில் நாய் குட்டி போட்டிருந்தது.

அவர் போட்டோவை மட்டும் பார்த்தார்.
தோளிலிருந்த துண்டை விரித்து
என் கையை உள்ளே இழுத்தார்,
அந்தியூர்ச் சந்தையில் மாட்டுக்குப் பேசிய பழக்கம்.
நாலு விரல் அமுக்கி, அஞ்சாவதைப் பாதியில் மடக்கினார்.
நாற்பத்தஞ்சு.
"இன்னைக்கே பணமுங்க.
வித்தாலும் எம்பாடு, விக்காட்டியும் எம்பாடு."
"நீங்க எத்தனைக்குங்க தள்ளுவீங்க?"
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.
சும்மா சொல்லக்கூடாது,
டீ நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து
எழுபத்தஞ்சு என்று போனில் போட்டேன்.
ராத்திரி பதினொன்றுக்கு
பேர்கூடச் சொல்லாமல் ஒருவன்: "லாஸ்ட் எவ்ளோ?"
கோபிக்காரர் புல்லட்டுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றார்.
பெருந்துறையில் ஓட்டல் கட்டுகிறவருக்கு
மொட்டை மாடியில் வைத்து லைட் போட வேண்டுமாம்.
"தண்ணியில உட மாட்டமுங்க, ஓட்டை இருந்தாப் பரவால்ல."
ஒரு பையன் வந்து, ஏறி நின்று,
போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டான்.
மூணு ஞாயிறு துறையிலேயே போச்சு.
"பேசாம அர்த்தநாரிகிட்டத் தாட்டி உடுங்க மாமா,"
தினமும் மச்சான்.

நாலாம் ஞாயிறு
பவானிசாகரிலிருந்து மூணு பஸ் மாறி
ரங்கநாயகி வந்தாள்.
விலையே கேட்கவில்லை.
சுருக்குப் பையிலிருந்து அஞ்சு ரூபாய்க் காசை எடுத்து
மோட்டார்ப் பக்கமிருந்து தட்டிக்கொண்டே வந்தாள்,
முத்தலா இளசா என்று தேங்காய் தட்டுகிறவளைப் போல.
டக். டக். டக்.
மூக்குக்கு இடப்பக்கம்
பொத்.
மறுபடி தட்டினாள். பொத்.
என்னைப் பார்த்தாள்.

அர்த்தநாரி இதைக் கேட்கவே இல்லை.
கேட்காமல் இருப்பதற்குத்தான்
முப்பதாயிரம் குறைத்தார் என்பது
அப்போதுதான் விளங்கியது.

சொன்னேன்.
ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள்,
அணையில் தண்ணி திறந்திருந்த நேரம்,
மச்சான் பாறையில் ஏற்றிவிட்டான். குடித்திருந்தான்.
ஒன்பது பேர். யாருக்கும் ஒண்ணும் ஆகலை.
ஒரு பெண்ணின் கொலுசு மட்டும் போச்சு.
ராத்திரியோடு ராத்திரியாய் ஓட்டையைப் பூசி
மேலே பச்சைப் பெயிண்ட் அடித்தோம்.
ஈரம் காயும் முன்னே
அடுத்த நாள் காலை ஆள் ஏற்றினோம்.

"ஆருகிட்டயும் சொல்லலீங்களா?"
"ஊட்ல கூடச் சொல்லலீங்க."

அவள் காசைப் பைக்குள் போட்டாள்.
"எனக்கு வலைதானுங்க, ஆள் ஏத்த மாட்டேன்.
ஓட்டைக்குப் பதினஞ்சு கழிக்கறேன்.
சொன்னதுக்கு ரெண்டு சேத்துறேன்."
அறுபத்திரண்டு.

குட்டியானையில் கவிழ்த்து ஏற்றினோம்.
ஒட்டுப் போட்ட இடம் வெயில் பார்க்க
மேலே வந்துவிட்டது.
அம்மாபேட்டை, அந்தியூர், சத்தி,
வழிநெடுக எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

சாயங்காலம் மச்சானிடம் முப்பதைக் கொடுத்தேன்.
எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினான்.
"அறுபத்திரெண்டுல பாதி முப்பத்தொண்ணுங்க மாமா.
ஆயிரம் கொறையுது."
அந்த ரெண்டாயிரம் படகுக்கு வந்ததில்லை
என்று அவனிடம் எப்படிச் சொல்ல?

சமையல்கட்டிலிருந்து
அவன் அக்கா எட்டிப் பார்த்தாள்.
கையில் கரண்டி.
"என்ன கொறையுது?" என்றாள்.
யாரும் பேசாததால்
கரண்டியால் கதவு நிலையைத் தட்டினாள்.
டக்.
டக்.